பாரத்தோட ஜெபிப்போம்

எப்சிபா ஆறு வருஷமாக ஒரே ஜெபத்தைத்தான் விடாமல் செய்துகொண்டிருந்தாள். ஜெயசீலிக்கு ஒரு அவமானம் வர வேண்டும். சாவு, விபத்து, வியாதி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். அவள் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. சபைக்கு முன்னால் ஜெயசீலி தலைகுனிந்து நிற்க வேண்டும், அதை எப்சிபா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாரப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இந்தச் சின்ன விண்ணப்பத்துக்குக்கூட ஆறு வருஷமா என்று ஆண்டவரிடம் சில நாள் சண்டையும் போட்டிருக்கிறாள்.

இப்படி ஜெபிப்பது தப்பென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையார் எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றிய அந்த ஒரு வரி வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். வரி முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வாள். கோயிலுக்குள் நின்று பொய் சொல்ல முடியுமா? மன்னிக்கவில்லை, அதனால் மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை. தன்னுடைய இந்த நேர்மையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு காலத்தில் இதே ஜெயசீலிதான் அவளுக்கு எல்லாமே. எப்சிபாவின் புருஷன், மகள் ஷாமினிக்கு நாலு வயதாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலை வேலை, தனியாகப் பிள்ளை வளர்ப்பு. ஜெயசீலி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளும் கணவனை இழந்தவள், ஒரே மகன் தயாளன். காலை ஐந்தரைக்கு கம்பெனி பஸ் வரும். அதற்கு முன் பத்து நிமிஷம் இரண்டு பேரும் போனில் சேர்ந்து ஜெபிப்பார்கள். இருபது வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. எப்சிபாவுக்குப் பாட்டுகளை மனப்பாடம் செய்ய வராது என்று ஜெயசீலி தன் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஷாமினிக்கு இருபத்தாறு வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு செபராங் ஜெயா, நல்ல சபை ஊழியக் குடும்பம். அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளைக்கு மனது சுகமில்லாமல் போனது. தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ஒரு நாள் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் மூன்று வாரம் இருந்தாள். எப்சிபா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜெயசீலியிடம் மட்டும், அந்தக் காலை ஜெபப் போனில், அழுதுகொண்டே சொன்னாள். "உனக்கு மட்டும்தான் சொல்றேன் சீலி. நீ ஜெபம் பண்ணு" என்றாள்.

ஜெயசீலி ஜெபம் பண்ணினாள். எப்படிப் பண்ணினாள் தெரியுமா? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நாற்பது பெண்களுக்கு முன்னால் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம எப்சிபா சகோதரி மகளுக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபிப்போம், பிள்ளை மனசு கலங்கிப்போய் வார்டுல இருக்கு" என்றாள். நாற்பது வாய் கண்ணை மூடி ஜெபித்தது. அதே நாற்பது வாய் வெளியே வந்து கண்ணைத் திறந்துகொண்டு பேசியது. அடுத்த வாரமே செபராங் ஜெயாவிலிருந்து போன் வந்தது. இந்தக் கல்யாணத்தில் ஆண்டவருக்குச் சித்தமில்லை என்று நினைக்கிறோம் என்றார்கள். அடேயப்பா, எவ்வளவு சுலபமாக ஆண்டவர் தலையில் கட்டிவிட்டார்கள்!

எப்சிபா கேட்கப் போனபோது ஜெயசீலி சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். "நான் ஜெபத்துக்குத்தானே சொன்னேன்?"

அந்தத் 'தானே' எப்சிபாவின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தி நின்றது. இன்றுவரை இறங்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய அடி வேறு. குணமாகி வீட்டுக்கு வந்த ஷாமினி, எல்லாம் தெரிந்திருந்தும் ஜெயசீலியைத் திட்டவில்லை. தாயைப் பார்த்து, "இனிமே என்னைப் பத்தி யார்கிட்டயும் ஜெபம் பண்ணச் சொல்லாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஜொகூர் பாருவுக்கு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். ஆறு வருஷமாக மாதத்துக்கு ஒரு போன். நல்லாருக்கேன், வேலை இருக்கு, வைக்கிறேன். பிள்ளையைப் பறித்துக்கொண்டவள் மட்டும் ஞாயிறுதோறும் பட்டுப் புடவையில் வந்து, இரண்டு வருஷமாக, மகனுக்கு ஆஸ்திரேலியாவில் பெரிய வேலை கிடைத்த சாட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டவர் உண்மையுள்ளவர், தயாளனை உயர்த்தினார், அல்லேலூயா. எப்சிபாவுக்கு வயிறு பற்றி எரியும்.

இப்போது சபையின் ஜெபப் பெட்டிக்கு வருவோம். சபை வாசலில் சுவரோடு ஒரு மரப்பெட்டி உண்டு. தங்கள் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி, பேர் போடாமல், அதற்குள் போடலாம். மாதர் சங்கத்தில் மாதம் ஒருத்திக்கு முறை. முறைக்காரி வியாழன் மத்தியானம் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்து, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுதியபடியே வாசிக்க வேண்டும். முடிந்ததும் பின்பக்கம் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு எரித்துவிட வேண்டும். கையெழுத்து தெரிந்தாலும் இன்னாருடையது என்று மூச்சு விடக் கூடாது. இதுதான் சட்டம்.

அந்த மாதம் லோகேஸ்வரியின் முறை. லோகேஸ்வரி சபைக்குப் புதிது, யாருடைய கையெழுத்தும் தெரியாது. அவளுக்கு டெங்கி காய்ச்சல் வந்து படுத்துவிட, புதன்கிழமை போன் எப்சிபாவுக்கு வந்தது. அவளும் வியாழன் மத்தியானம் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, குவீன் ஸ்ட்ரீட் மல்லிகைப்பூவையும் மசாலா வாசனையையும் தாண்டி நடந்து, பெட்டியைத் திறந்தாள். பதினொரு சீட்டு. முட்டி வலி, எஸ்பிஎம் பரீட்சை, வேலை போன மருமகன், மறுபடி முட்டி வலி. ஒன்பதாவது சீட்டைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது. குண்டு குண்டான கையெழுத்து. இருபது வருஷம் பாட்டு நோட்டில் பார்த்துப் பழகிய எழுத்து.

'என் மகன் வெளிநாட்டில் இல்லை. ஜெயிலில் இருக்கிறான். இரண்டு வருஷம் ஆகிறது. எல்லோரிடமும் பொய் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் இன்னும் போய் அவனைப் பார்க்கவில்லை. மனசு வரவில்லை. ஆண்டவர் எங்கள் இரண்டு பேரையும் கைவிடக் கூடாது.'

எப்சிபா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான், இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் என்றாள். "நீர் உண்மையுள்ளவர் ஆண்டவரே. லேட்டானாலும் குடுத்துட்டீர்" என்று வாய்விட்டே சொன்னாள். பேர் இல்லாத சீட்டு. சபையில் பாதிப் பேர் பிள்ளைகள் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். வெறுமனே வாசித்தால் யாருக்கும் விளங்காது. அதனால் என்ன? முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். நம்ம ஜெயசீலி சகோதரி மகனுக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபிப்போம். அவள் வாயிலிருந்து வந்த அதே வாக்கியம், பேர் மட்டும் வேறு. நாளைக்கு வந்து சண்டை போட்டால் பதிலும் தயார்: நான் ஜெபத்துக்குத்தானே சொன்னேன்?

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ரைபிள் ரேஞ்ச் பிளாட்டின் ஒன்பதாவது மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். யாரிடம் சொல்ல வேண்டும்? பாதிக்கப்பட்டவளிடம்தானே? மாதக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு ஷாமினிக்குப் போன் போட்டாள். சீட்டில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள்.



"கேக்குதாம்மா? அவ மவன் ஜெயில்ல இருக்கானாம்! ஆஸ்திரேலியாவாம், ஆஸ்திரேலியா! நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி வாசிக்கப் போறேன். உனக்காகத்தான்."

"தயாளனா?" என்றாள் ஷாமினி. குரல் என்னவோ போல் இருந்தது. "அம்மா, நான் வார்டுல இருந்தப்ப உங்களைத் தவிர என்னை வந்து பார்த்தது யாரு தெரியுமா? அவன் ஒருத்தன்தான். வாரத்துல ரெண்டு நாள் வருவான். அவங்க அம்மா பேசினதுக்கு அவன் மன்னிப்புக் கேட்டான். பக்கத்துல உக்காந்து சும்மா பேப்பர் படிப்பான். என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல."

எப்சிபாவுக்கு இது புதுச் செய்தி. ஆனாலும் விடவில்லை. "அவன் நல்லவனாவே இருக்கட்டும். அவ அம்மா வாய்க்கு..."

"அந்தச் சீட்டு யாருதுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுல்ல? எங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"நீ சந்தோஷப்படுவேன்னுதான்!"

"அன்னிக்கு என்னைப் பத்தி ஆண்ட்டிகிட்ட சொன்னதும் நல்லதுக்குத்தான்னு சொன்னீங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்னம்மா வித்தியாசம்?" போனை வைத்துவிட்டாள்.

எப்சிபாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வித்தியாசமா? வித்தியாசமா கேட்கிறாய்? பத்து மாதம் சுமந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். பெற்ற பிள்ளைகூட அந்தச் சண்டாளி பக்கம் சாய்ந்துவிட்டதென்றால், அதற்கும் சேர்த்துத்தான் நாளைக்கு வாசிக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. மின்விசிறிகள் வெக்கைக் காற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. முப்பது பெண்கள் இருந்தார்கள். கடைசியாக வந்த ஜெயசீலி, பெட்டிக்கு முன்னால் லோகேஸ்வரி இருக்க வேண்டிய இடத்தில் எப்சிபா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். எப்சிபா அவளைப் பார்த்து, "வாங்க சகோதரி, ஸ்தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளோடு பேசிய பேச்சு அதுதான்.

அந்தச் சீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். முட்டி வலியை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பரீட்சையை வாசித்தாள். ஒவ்வொரு சீட்டு முடியும்போதும் தலையைத் தூக்கிப் பின்வரிசையைப் பார்த்தாள். ஜெயசீலி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள், எதிரில் யார் முகமும் தெரியக் கூடாது என்பதுபோல. நல்லா அவஸ்தைப்படு, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் எப்சிபா. அந்த முப்பது நிமிஷம் ஆறு வருஷப் பசிக்கு விருந்தாக இருந்தது.

கடைசிச் சீட்டைப் பிரித்தாள். தொண்டையைக் கனைத்தாள். "நம்ம சகோதரி ஒருத்தங்க மகனுக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபிப்போம்" என்று ஆரம்பித்தாள். பேருக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று வேண்டுமென்றே நிறுத்தினாள்.

அந்த நிறுத்தத்தில்தான் அதைப் பார்த்தாள். முப்பது தலைகள் ஒன்றாக முன்னால் சாய்ந்தன. தூங்கி வழிந்துகொண்டிருந்த குணமணி சகோதரி நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டாள். முட்டி வலிக்கு மூடியிருந்த கண்களெல்லாம் பளிச்சென்று திறந்துகொண்டன. யார் மகன், என்ன விஷயம் என்று முப்பது முகத்திலும் பசி. அன்றைக்கு ஷாமினி பேரைச் சொன்னபோதும் இப்படித்தான் சாய்ந்திருப்பார்கள். இதே நாற்காலி, இதே கண்கள். தன் பிள்ளையை இவர்கள் வாய்க்குத்தான் ஜெயசீலி போட்டாள். இப்போது வார்டில் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பேப்பர் படித்த பையனை அதே வாய்க்குப் போட, தான் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

எப்சிபாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது ஜெயசீலி மேல் வந்த கோபத்தைவிடப் பெரிது. சீட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் பொத்தினாள்.

"விஷயம் ஆண்டவருக்குத் தெரியும். கண்ணை மூடுங்க" என்றாள்.

"என்ன சிஸ்டர், எழுதினபடி வாசிக்கணும்லா? அதுதானே ரூல்?" என்றாள் குணமணி.

"ரூலா? தெரிஞ்சாத்தான் ஜெபம் வருமா உங்களுக்கு? ஜெபம் பண்ண வந்தீங்களா, கதை கேக்க வந்தீங்களா? மூடுங்க லா கண்ணை!"

மூடினார்கள். எப்சிபா முழங்காலில் விழுந்தாள். ஆண்டவரே, அந்தப் பையனைப் பார்த்துக்கொள்ளும், என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பையனை மட்டும். அவன் அம்மாவைப் பற்றி நாம் பிறகு பேசுவோம்.

கூட்டம் கலைந்ததும் பின்பக்கம் போய் டின்னில் சீட்டுகளைப் போட்டுக் கொளுத்தினாள். அந்த நாலு மடிப்புச் சீட்டு எரிந்து சுருளும்வரை குச்சியால் கிளறினாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பாமலேயே யாரென்று தெரிந்தது.

"எப்சிக்கா" என்றாள் ஜெயசீலி. "நீங்க வாசிச்சிருவீங்கன்னு நெனச்சேன். வாசிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்க்கா. நாம சரிக்குச் சரி ஆயிருப்போம்."

"தெரியும். அதுக்குத்தான் வாசிக்கல" என்று சுள்ளென்று சொன்னாள் எப்சிபா. அது பொய், ஆனால் சொல்லிப் பார்க்கச் சுகமாக இருந்தது. "நான் உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராத சீலி. உன் மவனுக்காகத்தான் ஜெபம் பண்ணேன்."

ஜெயசீலி அழுதாள். அழகாகத் துடைத்துக்கொள்ளும் அழுகை இல்லை, மூக்கெல்லாம் ஒழுகும் அழுகை. "அன்னிக்கு நான் பாரத்தோட சொல்லலக்கா. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஷாமினி நம்பர் குடுங்கக்கா. அதுகிட்ட நான் கேக்கணும்."

ஆறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. எப்சிபாவின் கை தானாகப் பையிலிருந்த போனுக்குப் போனது. போன இடத்திலேயே நின்றது.

"குடுக்க மாட்டேன்" என்றாள். "அவளைக் கேக்காம குடுக்க மாட்டேன். அன்னிக்கு உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியும் நான் அவளைக் கேட்டிருக்கணும். கேக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.  அங்கேயே நின்று ஷாமினிக்குப் போன் போட்டாள். எடுப்பாளோ மாட்டாளோ என்றிருந்தது, எடுத்தாள்.

"நான் வாசிக்கலம்மா. சீட்டை எரிச்சிட்டேன். ஜெயசீலி பக்கத்துல நிக்கிறா. உன் நம்பர் கேட்டா. உன்னைக் கேக்காம குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."



"நம்பர் வேணாம்மா" என்றாள் ஷாமினி. "ஆனா... தயாளன் எந்த ஜெயில்ல இருக்கான்னு கேக்கணும். நான் போய்ப் பாக்கணும். உங்க போனை அவங்ககிட்ட குடுங்க. நீங்க பக்கத்துல நிக்காதீங்க."

எப்சிபா போனை ஜெயசீலியின் கையில் திணித்துவிட்டு மாமரத்தடிக்கு நடந்தாள். காது பின்னாலேயே இழுத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள உடம்பெல்லாம் துடித்தது. ஒட்டுக் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சத்தமாகப் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தாள்.

வழக்கமான இடத்தில் வாய் மூடிக்கொண்டது. அந்த வரியில் முதலில் பிறரை நாம் மன்னிப்பது வரும். அதற்கப்புறம்தான் நம்மை மன்னிக்கும்படி கேட்பது வரும். இரண்டும் ஒரே வரி. ஆறு வருஷமாக அதை முழுசாக விழுங்கி வந்திருக்கிறாள். ஜெயசீலிக்குக் கொடுக்க மாட்டேன் என்ற வைராக்கியத்தில், தனக்கென்று ஒரு நாள்கூட மன்னிப்புக் கேட்காமலேயே இருந்திருக்கிறாள். ஷாமினிக்குச் செய்ததற்குக்கூட.

முதல் பாதிக்கு வாயைத் திறந்து பார்த்தாள். வரவில்லை.

"வரல ஆண்டவரே. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. ஆனா ரெண்டாவது பாதி எனக்கு வேணும்" என்றாள் எப்சிபா. "முதல் பாதியையும் நீரே சொல்ல வையும்."